பித்தளையா, டி2வா? செம்புக் கலவைகளையும் டூல் ஸ்டீலையும் தேர்ந்தெடுத்து வேலை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரு தொழிற்பேட்டையான பீண்யாவில் டூல் ரூம் (பஞ்ச், டை, மோல்டு செய்யும் இடம்) வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளில் பலர் நம் பக்கத்துப் பிள்ளைகள். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர், சேலம் என்று ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, தாசரஹள்ளியில் நாலு பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்துத் தங்கி, காலை ஷிப்டுக்கு வந்து நிற்பார்கள். முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: "அண்ணா, எது ரொம்ப ஸ்ட்ராங்கான மெட்டல்?"

நானும் அதே கேள்வியைக் கேட்டவன்தான். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்த டூல் மேக்கர் பதில் சொல்லவில்லை. வாய் போன ஒரு பஞ்ச்சை (தகட்டில் துளை குத்தும் கருவி) என் கையில் வைத்து, "தம்பி, இது எப்படிச் செத்துச்சுன்னு சொல்லு. அப்புறம் எந்த மெட்டல் போடணும்னு நான் சொல்றேன்" என்றார். இத்தனை வருடம் கழித்தும் மெட்டல் தேர்வு செய்ய அதைவிடச் சரியான வழியை நான் பார்க்கவில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

முதல் படி: பாகம் எப்படிக் கெடும் என்று பாருங்கள்

செம்புக் கலவை, டூல் ஸ்டீல் (டூலும் டையும் செய்யும் ஸ்டீல்) இரண்டையும் நாம் போடுவது ஒன்றை ஒன்று உரசும் இடத்தில், இடிக்கும் இடத்தில், சூடு ஏறும் இடத்தில். அங்கே ஒரு பாகம் பெரும்பாலும் நாலு விதமாகக் கெடும். தேயும். உடையும். எதிரே இருக்கும் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு பிய்யும். அல்லது சூட்டில் தளர்ந்தோ விரிசல் விட்டோ போகும்.

தேய்மானத்துக்கு மருந்து கடினம். உடைவதற்கு மருந்து உறுதி, அதாவது அடியை வாங்கிக்கொள்ளும் தன்மை. இவை இரண்டும் ஒன்றல்ல, பெரும்பாலும் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். கண்ணாடி கடினமானது, கீழே போட்டால் உடையும். மைல்ட் ஸ்டீல் கடினம் இல்லாதது, சுத்தியலால் அடித்தால் நசுங்குமே தவிர உடையாது. உடைந்த பஞ்ச்சைக் கொண்டுவந்து "இன்னும் கொஞ்சம் ஹார்டாப் போடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அதே பஞ்ச் இன்னும் சீக்கிரம் உடையும்.

ஒட்டிக்கொள்வதற்கு மருந்து வேறு குடும்பத்து உலோகத்தை எதிரே வைப்பது. எவர்சில்வர் தகட்டை ஸ்டீல் டையில் (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) இழுத்தால் இரண்டும் ஒட்டி, பாத்திரத்தின் மேல் நீளக் கோடு விழும். எத்தனை தடவை டையை பாலிஷ் போட்டாலும் கோடு திரும்ப வரும். அங்கே அலுமினியம் பிரான்ஸ் வளையம் போட்டால் கோடு நின்றுவிடும். டி2 என்னும் டூல் ஸ்டீலைவிடக் கடினம் குறைந்த உலோகம் அது, ஆனாலும் அந்த இடத்தில் அதுதான் ஜெயிக்கும்.

சூட்டுக்கு மருந்து இரண்டு வகை. ஒன்று, சூட்டைத் தாங்கும் ஸ்டீல். இன்னொன்று, சூட்டை உடனே கடத்திவிடும் செம்பு. செம்பின் வெப்பக் கடத்தல் எண் சுமார் 390 என்றால், சூட்டு வேலைக்கான எச்13 டூல் ஸ்டீலுக்குச் சுமார் 25, டி2வுக்குச் சுமார் 20. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாம் படி: செம்புக் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சுத்தமான செம்பு 1085 டிகிரி செல்சியஸில் உருகும். மின்சாரம் கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்த இடம். 1913ல் அனீல் செய்த (சூடேற்றி மென்மையாக்கிய) செம்பின் மின்கடத்தலை நூறு என்று உலக அளவில் நிர்ணயித்தார்கள். இன்றைக்கும் மற்ற உலோகங்களை அதோடு ஒப்பிட்டுத்தான் சதவீதம் சொல்கிறோம். பஸ்பார் (மின்சாரம் கடத்தும் பட்டை), மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் மெஷினில் வைக்கும் எலெக்ட்ரோடு இரண்டுக்கும் இதுவே. ஒரு எச்சரிக்கை: சாதாரண மின்செம்பில் கொஞ்சம் ஆக்ஸிஜன் இருக்கும். அதை ஹைட்ரஜன் கலந்த வாயுவிலோ சுடரிலோ வைத்து பிரேசிங் (வேறு உலோகத்தை உருக்கி ஒட்டுவது) செய்தால், உள்ளே நீராவி உண்டாகி உலோகம் துளைத் துளையாகி உடையும். பிரேசிங் வேலை இருந்தால் ஆக்ஸிஜன் இல்லாத செம்பைக் கேட்டு வாங்குங்கள்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். எழுபதுக்கு முப்பது என்றால் குளிர் நிலையிலேயே இழுக்கலாம், ஆழமாக அழுத்தலாம். அறுபதுக்கு நாற்பது என்றால் குளிரில் முரண்டு பிடிக்கும், சுமார் 700 டிகிரி சூட்டில் வெண்ணெய் மாதிரி வளையும். குழாய், வால்வு பாடி எல்லாம் அந்தச் சூட்டில் ஃபோர்ஜ் செய்கிறார்கள். லேத்தில் கடையும் பித்தளையில் 2.5 முதல் 3.5 சதவீதம் வரை ஈயம் சேர்த்திருக்கும். ஈயம் உலோகத்தோடு கரையாமல் குட்டிக் குட்டிப் புள்ளிகளாக நிற்கும். அதனால்தான் சீவல் நீளமாகச் சுருளாமல் பொடிப் பொடியாக உதிர்கிறது. கடைசல் வேலைக்கு இதைவிடச் சுகமான உலோகம் கிடையாது. ஆனால் குடிதண்ணீர், சாப்பாடு படும் பாகத்துக்கு இந்த ஈயப் பித்தளையைப் போடாதீர்கள். இதை நான் உறுதியாகவே சொல்கிறேன். வாடிக்கையாளர் டிராயிங்கில் வெறும் "பிராஸ்" என்று எழுதியிருந்தால், அது எதற்குப் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் கம்பியில் கை வைக்க வேண்டும்.

பித்தளைக்கு இன்னொரு பலவீனம், நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் சும்மா வைத்த இடத்திலேயே விரிசல் விட்டன. குதிரை லாயத்துப் பக்கம் வைத்திருந்ததால் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும், அழுத்தி உருவாக்கியபோது உள்ளே தங்கிய இழுவையும் (ஸ்ட்ரெஸ்), காற்றின் ஈரமும் சேர்ந்து உலோகத்தைப் பிளந்தன. காரணம் 1921ல்தான் தெளிவாக விளங்கியது. மருந்து எளியது. அழுத்தி முடித்த பாகத்தை 250 முதல் 300 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்து இழுவையைத் தணித்துவிட வேண்டும். அம்மோனியா கலந்த கிளீனிங் திரவத்தைப் பித்தளை ரேக் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

வெண்கலம் என்றால் செம்போடு வெள்ளீயம். கோயில் மணிக்கு இருபது சதவீதத்துக்கு மேல் வெள்ளீயம் போடுவார்கள். நாதம் வரும், ஆனால் கீழே விழுந்தால் உடையும். புஷ்ஷுக்கும் (ஷாஃப்ட் உள்ளே சுழலும் வளையம்) புழுச்சக்கரத்துக்கும் (வார்ம் வீல்) பத்து, பன்னிரண்டு சதவீதம் போதும். அதோடு கொஞ்சம் பாஸ்பரஸ் சேர்ந்தால் பாஸ்பர் பிரான்ஸ். ஸ்ப்ரிங், கான்டாக்ட் தகடுகளுக்கு வெள்ளீயம் குறைந்த வகை. கன்மெட்டல் என்று நாம் சொல்வதில் செம்பு 85, வெள்ளீயம் 5, துத்தநாகம் 5, ஈயம் 5. எண்ணெய் சரியாகப் போகாத இடத்தில்கூட, அந்த ஈயம் ஷாஃப்டைக் கீறாமல் கொஞ்ச நேரம் காப்பாற்றும். பம்ப் பாடி, சாதாரண புஷ் இரண்டுக்கும் இதையே முதலில் யோசியுங்கள்.

அலுமினியம் பிரான்ஸில் வெள்ளீயமே இல்லை. பேரில்தான் பிரான்ஸ். பத்து சதவீத அளவில் அலுமினியம், கூடவே இரும்பு, நல்ல ரகத்தில் நிக்கலும். கப்பல் புரொப்பெல்லர் செய்வது இந்தக் குடும்பத்தில்தான். பார்க்கத் தங்கம் மாதிரி இருக்கும், பாரம் ஏற்றினால் தாங்கும். ஒரே குறை, மண்ணோ உலோகத் தூளோ உள்ளே போனால் கன்மெட்டல் போல அதைத் தன்னுள் புதைத்துக்கொள்ளாது. ஷாஃப்டைக் கீறும். ஆகவே எதிரே இருக்கும் ஷாஃப்ட் நன்றாகக் கடினப்படுத்தியதாக இருக்க வேண்டும்.

பெரிலியம் காப்பர் இந்தக் குடும்பத்தின் அதிசயப் பிள்ளை. இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பெரிலியம். மிருதுவாக வாங்கி, கடைந்து, பிறகு 315 டிகிரி அளவில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் கடினம் ராக்வெல் சி (எச்.ஆர்.சி.) அளவில் 40 வரை ஏறும். செம்புக் கலவை ஒன்று ஸ்டீல் போலக் கடினமாகிறது, வெப்பத்தையும் எச்13ஐவிட நாலு மடங்கு கடத்துகிறது. பிளாஸ்டிக் மோல்டில் தண்ணீர் வழி போக முடியாத ஒல்லியான கோருக்கு (பொருளின் உள்வடிவம் தரும் பாகம்) இதைப் போட்டால் பொருள் ஆறும் நேரம் கண்கூடாகக் குறையும். மோல்டிங்கில் அதிக நேரம் போவதே ஆறுவதற்குத்தானே. ஆனால் இதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும், ஆறாத நோய் வரும். உலர்வாக கிரைண்ட் செய்யாதீர்கள், எமெரித் தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கூலன்ட் ஓடவிட்டு, தூசி உறிஞ்சும் வசதியோடு மட்டும் செய்யுங்கள். அந்த வசதி உங்கள் ஷாப்பில் இல்லை என்றால் வேலையை வெளியே கொடுத்துவிடுங்கள். "ஒரே ஒரு பீஸ்தானே" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

ஸ்பாட் வெல்டிங் முனைக்குக் குரோமியம் ஸிர்கோனியம் காப்பர். மின்கடத்தல் எண்பது சதவீதம் அளவில் இருக்கும், சூட்டில் சுத்தச் செம்பு போலத் தொய்ந்துபோகாது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

மூன்றாம் படி: டூல் ஸ்டீலை வேலையை வைத்துப் பிரியுங்கள்

எங்கள் ஷாப்பில் கன்னட நண்பர்கள் ஸ்டீலை "உக்கு" என்பார்கள். நாம் "உருக்கு" என்கிறோம். தென்னிந்தியாவில் மண்மூசையில் உருக்கிய ஸ்டீலை ஐரோப்பியர் "ஊட்ஸ்" என்று அழைத்தது இந்த உக்கிலிருந்து வந்தது என்பதுதான் பரவலான கருத்து. மைக்கேல் ஃபாரடே 1820 வாக்கில் அதைச் சோதித்துப் பார்த்து, அதைப் போலச் செய்ய முயன்றார். இங்கே வேலை செய்யும் யாருக்கும் இது பெருமையாக இருக்க வேண்டிய விஷயம்.

டூல் ஸ்டீலில் கரிமம் ஸ்டீலைக் கடினமாக்குகிறது. குரோமியம், மாலிப்டினம், வனேடியம், டங்ஸ்டன் ஆகியவை கரிமத்தோடு சேர்ந்து கார்பைடு என்னும் கடினமான துகள்களை உண்டாக்குகின்றன. சிமென்டில் ஜல்லி மாதிரி. ஜல்லி கூடினால் தேய்மானம் குறையும், விரிசல் ஓடவும் வழி கிடைக்கும். டூல் ஸ்டீல் வகைகள் எல்லாம் இந்தக் கணக்கின் வெவ்வேறு விடைகள்தான்.

ஓ.எச்.என்.எஸ். (எண்ணெயில் கடினமாகும், சுருங்காத ஸ்டீல்) என்று கடையில் கேட்பது ஓ1. கரிமம் 0.9 அளவு, மாங்கனீஸ் ஒன்றுக்கு மேல். 800 டிகிரி அளவில் சூடேற்றி எண்ணெயில் இறக்கினால் போதும். கேஜ், சின்ன பஞ்ச், ஜிக் புஷ், நூறு இருநூறு பீஸ் போடும் டை என்று எல்லாவற்றுக்கும் நல்லது. புதிதாகக் கற்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் கொடுப்பேன். தவறு செய்தால் பொறுத்துக்கொள்ளும்.

எச்.சி.எச்.சி.ஆர். (கரிமமும் குரோமியமும் அதிகமான ஸ்டீல்) என்று கேட்டால் டி2வும் வரும், டி3யும் வரும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவது. இரண்டிலும் குரோமியம் 12 சதவீதம். ஆனால் டி2வில் கரிமம் 1.5, கூடவே மாலிப்டினமும் வனேடியமும். டி3யில் கரிமம் 2க்கு மேல், எண்ணெயில் குளிர்விக்க வேண்டியது, இன்னும் சுலபமாக உடைவது. கேட்கும்போது கிரேடு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். லட்சக்கணக்கில் தகடு வெட்டும் பஞ்ச்சுக்கும் டைக்கும் டி2 போல நின்று உழைப்பது குறைவு. தடிமனான தகடும் மெல்லிய பஞ்ச்சும் சேரும் இடத்தில் மட்டும் வேண்டாம். அங்கே எஸ்7 போல அடி தாங்கும் வகை வேண்டும். அது கிடைக்காத நாளில் டி2வின் கடினத்தையே ராக்வெல் சி 62க்குப் பதில் 57, 58ல் நிறுத்துவோம். முழுத் தீர்வு இல்லை, வேலை ஓடும்.

எச்13 சூட்டு வேலைக்கு. கரிமம் 0.4 தான், குரோமியம் 5, மாலிப்டினமும் வனேடியமும் உண்டு. அலுமினியம் டை காஸ்டிங் டையில் உருகிய உலோகம் மேலே பாயும், அடுத்த நொடி டை மேல் மருந்துக் கலவை தெளிப்பார்கள், ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான தடவை. டையின் முகம் விரிந்து சுருங்கி, கடைசியில் வறண்ட ஏரி மண் மாதிரி வலை வலையாக வெடிக்கும். அதைத் தள்ளிப்போடத்தான் ராக்வெல் சி 44 முதல் 48க்குள் வைக்கிறோம். இயந்திரத்தில் ஏற்றியதும் டையை 200 டிகிரி பக்கம் முன்சூடு செய்யாமல் முதல் ஷாட் அடிப்பது டைக்குச் செய்யும் பெரிய துரோகம். பித்தளை ஃபோர்ஜிங் டையும் எச்13தான். இந்த வழிகாட்டியின் இரண்டு குடும்பமும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் அது.

பிளாஸ்டிக் மோல்டுக்கு பி20. ஏற்கெனவே 30 எச்.ஆர்.சி. அளவில் கடினப்படுத்தியே வரும். மில்லிங் போட்டு, பாலிஷ் போட்டு, மாட்டிவிடலாம். கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக் என்றால் சீக்கிரம் தேயும், அப்போது எச்13 கேவிட்டி (பொருளின் வெளிவடிவம் தரும் குழி) போடுங்கள். பி.வி.சி. என்றால் அமிலம் வரும், துருப்பிடிக்காத மோல்டு ஸ்டீல் வேண்டும்.

ஹை ஸ்பீடு ஸ்டீல் எல்லாருக்கும் தெரியும். எம்2வில் டங்ஸ்டன் 6, மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2. 1900ஐ ஒட்டி அமெரிக்காவில் டெய்லரும் வைட்டும் இந்த வகை ஸ்டீலைக் கொண்டுவந்தபோது, முனை மங்கலாகச் சிவந்தபோதும் வெட்டியது. டிரில், டேப், ரீமர் தவிர, மெல்லிய துளை பஞ்ச்சுக்கும் இதைப் போடலாம்.

நான்காம் படி: ஜோடி சேருங்கள்

எந்த உலோகமும் தனியாக வேலை செய்வதில்லை. எதிரே யார் என்று பார்த்துத்தான் முடிவு. ஷாஃப்டும் புஷ்ஷும் உரசினால், கழற்றி மாற்றச் சுலபமானதும் விலை குறைந்ததும் எதுவோ அது மென்மையாக இருக்கட்டும். ஷாஃப்ட் கடினம், புஷ் மென்மை. தேய்வது புஷ்ஷாக இருந்தால் அரை மணி வேலை. ஷாஃப்ட் தேய்ந்தால் மெஷின் நிற்கும்.

புஷ்ஷுக்கு ஒரு தோராயக் கணக்கு: விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. 40 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு 0.04. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. புஷ்ஷை ஹவுசிங்கில் பிரஸ் செய்தவுடன் உள்விட்டம் சுருங்கும். லேத்திலேயே கடைசி அளவு எடுத்துவிட்டு, பிரஸ் செய்த பிறகு ஷாஃப்ட் போகவில்லை என்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்விட்டத்தில் கொஞ்சம் விட்டுவைத்து, பிரஸ் செய்து, அப்புறம் ரீமர் போடுங்கள்.

சூடு ஏறும் இடத்தில் விரிவைக் கணக்குப் பண்ணுங்கள். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள பாகம் 60 டிகிரி சூடேறினால் ஸ்டீல் சுமார் 0.07 விரியும், பித்தளை சுமார் 0.12 விரியும். ஸ்டீல் மோல்டுக்குள் பித்தளை இன்சர்ட்டை இறுக்கமாக உட்கார வைத்தால், ஓட ஆரம்பித்ததும் அது முட்டிக்கொண்டு தானே நசுங்கும். ஆறியதும் லூசாகும். பிளாஸ்டிக் அந்த இடுக்கில் போய் பிசிறு வரும்.

ஐந்தாம் படி: வாங்கிய மெட்டல் அதுதானா என்று பாருங்கள்

பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளிலும் பீண்யா ஸ்டாக்கிஸ்ட்டுகளிடமும் நல்ல சரக்கு கிடைக்கும். பெரிய பிளாக் என்றால் மில் சர்டிபிகேட் கேட்டு, ஹீட் நம்பர் (உருக்கிய தொகுதியின் எண்) பிளாக்கில் அடித்திருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். துண்டு வெட்டும்போது நம்பர் இருக்கும் முனையை விட்டுவைத்து மறுமுனையிலிருந்து வெட்டுங்கள். மிச்சத் துண்டின் முனையில் பெயின்ட் அடித்து வைக்காவிட்டால், ஆறு மாதம் கழித்து அது எந்த ஸ்டீல் என்று ஒருவருக்கும் தெரியாது.

துண்டு மெட்டல் என்றால் கையாலேயே சோதிக்கலாம். வெள்ளீயம் செம்பைவிட விலை கூடியது, அதனால் பிரான்ஸ் என்ற பேரில் பித்தளை வருவது நடக்கும். நான் செய்யும் சோதனை இது. எலெக்ட்ரானிக் தராசில் துண்டை எடை போடுங்கள். 500 கிராம் என்று வைப்போம். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யம் ஆக்குங்கள். துண்டை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுக்க மூழ்கும்படி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நூல் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். துண்டில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழை விரலால் தட்டிவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் 500ஐ வகுங்கள், வருவது அடர்த்தி. 59 காட்டினால் 8.47, அது பித்தளை. 57க்குக் கீழே என்றால் 8.8 பக்கம், பிரான்ஸ் அல்லது கன்மெட்டல். 66 என்றால் 7.6, அலுமினியம் பிரான்ஸ். பாஸ்பர் பிரான்ஸையும் கன்மெட்டலையும் இதில் பிரிக்க முடியாது. காஸ்டிங்கில் உள்ளே ஓட்டை இருந்தால் அடர்த்தி குறைவாக வரும். ஆனாலும் பித்தளை வேஷத்தை இது உடனே கலைத்துவிடும்.

ஸ்டீலுக்குத் தீப்பொறி. கண்ணாடி போட்டுக்கொண்டு பெஞ்ச் கிரைண்டரில் லேசாகத் தொடுங்கள். கரிமம் அதிகமான சாதாரண ஸ்டீல் என்றால் மத்தாப்பு மாதிரி வெடித்துப் பூக்கும். டி2 என்றால் பொறி குட்டையாக, ஆரஞ்சு நிறத்தில், கொஞ்சமாக வரும். ஹை ஸ்பீடு ஸ்டீல் மங்கிய சிவப்புக் கோடுகளாக ஓடும், பூக்காது. பேர் தெரிந்த துண்டுகளை ஒரு பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, சந்தேகத் துண்டோடு மாற்றி மாற்றித் தொட்டுப் பார்ப்பதுதான் சரியான முறை.

ஆறாம் படி: வெட்டும்போது

பித்தளைக்கு டூலின் மேல்முகம் தட்டையாக இருக்கட்டும், ரேக் (மேல்முகச் சாய்வு) வேண்டாம். சாதாரண டிரில் பிட்டைப் பித்தளையில் இறக்கினால் அது தானாக உள்ளே இழுத்துக்கொண்டு போய்ப் பாகத்தைச் சுழற்றிவிடும். கையே போன சம்பவங்கள் உண்டு. பிட்டின் வெட்டு விளிம்பைக் கல்லில் லேசாகத் தட்டையாக்கிவிட்டு, பாகத்தை வைஸில் பிடித்துத்தான் துளை போட வேண்டும். செம்புக்கு நேர் எதிர்: கூர்மையான, வழவழப்பான, நல்ல ரேக் உள்ள டூல். இல்லாவிட்டால் முனையில் அப்பிக்கொள்ளும். அலுமினியம் பிரான்ஸுக்குக் கார்பைடு. கந்தகம் கலந்த கட்டிங் ஆயில் செம்புக் கலவைகளைக் கறுக்கச் செய்யும், ஆகவே அந்த டப்பாவை ஸ்டீலுக்கு மட்டும் வையுங்கள்.

டூல் ஸ்டீலைக் கடினப்படுத்துவதற்கு முன் வெட்டும்போது, உள்மூலைகளைக் கூராக விடாதீர்கள். அரை மில்லிமீட்டர் ரேடியஸ் கூட உயிரைக் காப்பாற்றும். ரோலிங்கில் வந்த மேல்தோலை எல்லாப் பக்கமும் எடுத்துவிடுங்கள், அங்கே கரிமம் குறைந்திருக்கும். ரஃபிங் (முதல் தோராய வெட்டு) முடிந்ததும் 600 முதல் 650 டிகிரியில் ஒரு ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (இழுவை தணிப்பது). இதைத் தவிர்ப்பவர்கள் பிறகு வளைந்த பிளேட்டை வைத்துக்கொண்டு கிரைண்டரில் இரண்டு நாள் நிற்பார்கள்.

ஏழாம் படி: துவைச்சல்

எங்கள் ஊர்க் கொல்லர் அரிவாளைச் சிவக்கக் காய்ச்சி, வெட்டும் விளிம்பை மட்டும் தண்ணீரில் தோய்ப்பார். உடனே எடுத்துக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கத்துச் சூடு விளிம்புக்கு ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். வைக்கோல் நிறம் வரும், பழுப்பு வரும், நீலம் வரும் முன் மறுபடி முழுக்கத் தண்ணீரில் போடுவார். அதுதான் துவைச்சல். வைக்கோல் நிறம் என்றால் 220 டிகிரி பக்கம், நீலம் என்றால் 300 பக்கம். இன்று வாக்குவம் ஃபர்னஸில் நாம் செய்வதும் இதே இரண்டு காரியம்தான்: முதலில் கடினமாக்கு, பிறகு கொஞ்சம் தணித்து உறுதியைத் திரும்பக் கொடு.

டி2வை எடுத்துக்கொள்வோம். நேராக உச்சச் சூட்டுக்குப் போகாமல் 650லும் 850லும் நிறுத்தி, உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடு ஆகவிட்டு, 1000 முதல் 1040 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். காற்றிலோ வாயுவிலோ குளிர்விக்கலாம். கையால் தொடும் சூட்டுக்கு, 60 டிகிரி பக்கம் இறங்கியவுடன், காத்திருக்காமல் டெம்பருக்குள் (மறுபடி சூடேற்றிக் கடினத்தைத் தணிப்பது) போக வேண்டும். சாயங்காலம் குவென்ச் (உச்சச் சூட்டிலிருந்து குளிர்விப்பது) பண்ணிவிட்டு "காலையில டெம்பர் போட்டுக்கலாம்" என்று வீட்டுக்குப் போனால், காலையில் இரண்டு துண்டாக இருக்கலாம். டெம்பர் குறைந்தது இரண்டு தடவை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், நடுவில் முழுக்க ஆறவிட்டு. முதல் டெம்பரில் ஆறும்போது புதிதாகக் கொஞ்சம் கடின அமைப்பு உண்டாகும், அதைத் தணிக்கத்தான் இரண்டாவது. ஹை ஸ்பீடு ஸ்டீலுக்கு 550 பக்கத்தில் மூன்று தடவை.

எத்தனை டிகிரியில் டெம்பர் என்பதில்தான் நான் ஒரு பாடம் படித்தேன். டி2 டை பிளாக் ஒன்று, 80 மில்லிமீட்டர் தடிமன். கடினப்படுத்தி வாங்கி, மெல்லிய வயரில் மின்பொறி விட்டு வெட்டும் வயர் கட் மெஷினில் மாட்டினோம். 0.25 பித்தளை வயர் தண்ணீருக்குள் அமைதியாக வெட்டிக்கொண்டிருந்தது. ப்ரொஃபைல் முக்கால்வாசி முடிந்த நேரம், தண்ணீருக்குள்ளிருந்து "டக்" என்று ஒரு சத்தம், தேங்காய் உடைத்த மாதிரி. வயர் அறுந்து நின்றது. பிளாக்கைத் தூக்கிப் பார்த்தால் மூலையிலிருந்து ஓரம் வரை ஒரு முடிக்கோடு. விரல் நகம் மாட்டக்கூட இல்லை, ஆனால் டை போச்சு. பத்து நாள் வேலை. ஹீட் ட்ரீட்மென்ட் செய்தவர் மேல் தப்பே இல்லை. நான் சலானில் (வேலையோடு அனுப்பும் சீட்டு) "60 எச்.ஆர்.சி." என்று மட்டும் எழுதி அனுப்பினேன், அவர் 180 டிகிரியில் டெம்பர் போட்டு 60 கொடுத்தார். உள்ளே தேங்கிய இழுவை அப்படியே இருந்தது. வயர் நடுப்பகுதியை அறுத்ததும் தாங்காமல் பிளந்தது. அதே டி2வைக் கொஞ்சம் உயர்ந்த சூட்டில் கடினமாக்கி, 510, 520 டிகிரியில் இரண்டு தடவை டெம்பர் போட்டிருந்தால் 58, 59 வந்திருக்கும், இழுவையும் பெரும்பகுதி தணிந்திருக்கும்.

ஆகவே சலானில் நாலு விஷயம் எழுதுங்கள்: ஸ்டீலின் கிரேடு, வேண்டிய கடினம், அடுத்து வயர் கட் உண்டா இல்லையா, டெம்பர் எந்த அளவில். வயர் கட்டுக்குப் போகும் பிளாக்கில், ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு முன்பே நடுவில் ஒரு துளையோ ரஃப் கட்டோ போட்டு வையுங்கள். இன்னொன்று, டி2 ரோலிங் ஓடிய திசையில் கொஞ்சம் நீளும். முக்கிய அளவு எந்தப் பக்கம் என்று பார்த்து பிளாக்கை வெட்டுங்கள், கிரைண்டிங் அலவன்ஸை அந்தப் பக்கம் கூட விடுங்கள்.

திரும்பி வந்ததும் ராக்வெல் மெஷினில் வைக்கும் முன், சோதிக்கும் இடத்தை லேசாக கிரைண்ட் செய்யுங்கள். மேல்தோலில் கரிமம் போயிருந்தால் தப்பான எண் வரும். செம்புக் கலவைகளுக்கு ராக்வெல் சி ஸ்கேல் வேண்டாம், பிரினெல் என்னும் கடினச் சோதனையைப் போடுங்கள். பெரிலியம் காப்பர் மட்டும் விதிவிலக்கு.

எட்டாம் படி: கடைசி வேலைகள்

கடினமாக்கிய டி2வை கிரைண்ட் செய்யும்போது மென்மையான கல், அடிக்கடி டிரெஸ்ஸிங் (கல்லின் முகத்தைப் புதுப்பிப்பது), கூலன்ட் தாராளமாக. அவசரப்பட்டு ஆழம் கொடுத்தால் மேல்முகம் பழுப்பு நிறமாகும், பிறகு முடி மாதிரி விரிசல்கள் வரும். ஸ்பார்க் மெஷின் போட்ட கேவிட்டியில் உருகி உறைந்த வெள்ளைத் தோல் ஒன்று இருக்கும், கடினமானது, சுலபமாக உடைவது. கல் போட்டு அதை முழுக்க எடுத்துவிட்டு, முன்பு போட்ட டெம்பரைவிட 20, 30 டிகிரி குறைத்து ஒரு தடவை டெம்பர் கொடுங்கள்.

பஞ்ச்சுக்கும் டைக்கும் நடுவே இடைவெளி ஒரு பக்கத்துக்குத் தகட்டுத் தடிமனில் ஐந்து முதல் பத்து சதவீதம். மென்மையான பித்தளைத் தகட்டுக்குக் குறைவாக, கடினமான தகட்டுக்கு அதிகமாக. டையை பிரஸ்ஸில் ஏற்றி முதல் நூறு பீஸை எடுத்து வெட்டு முகத்தைப் பாருங்கள். பளபளப்பான பட்டையும் சொரசொரப்பான பட்டையும் சுற்றிலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறினால் பஞ்ச் நடுவில் இல்லை.

டூல் கெட்டுத் திரும்பி வரும்போது ஸ்கிராப் டப்பாவில் போடாதீர்கள். எங்கள் ஷாப்பில் அதற்கென்று ஒரு மரத் தட்டு இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு அட்டை கட்டியிருப்போம்: கிரேடு, கடினம், எத்தனை பீஸ் போட்டது, எப்படிச் செத்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் வேலை, அட்டையைக் கையால் மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, கடைசி வரியை அவர்களே சொல்வது.